பவுனம்மாள் கரைத்த சந்தனம்

பவுனம்மாளுக்குக் கோபம் வந்தால் மற்றவர்களைப் போல வாயடைத்துப் போகாது. அப்போதுதான் பேச்சே நன்றாக வரும். கேரி தீவுத் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கும் தம்புசாமிக்கு இப்படி ஒரு மகள் எங்கிருந்து வந்து பிறந்தாள் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் ஆச்சரியம். அந்த மனிதர் வேலை வாங்கும் தண்டல் தும்மினால்கூட எழுந்து நிற்பவர். மகளோ, கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குலா கரண்டு வேலை" என்று கேட்ட, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம், "உங்க வீட்டுல பியூஸ் போறப்ப சொல்றேன் சார்" என்று பதில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவள்.

நான் சொல்ல வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் நடந்தது. படிப்பின் கடைசி ஆறு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பிராக்டிக்கல் பயிற்சி செய்ய வேண்டும். அதை ஒழுங்காக முடித்தால்தான் டிப்ளோமா. பாதியில் துரத்திவிட்டால், அதுவும் பாதுகாப்புக் குற்றம் என்று சொல்லித் துரத்திவிட்டால், கல்லூரி மறுபடி வேறெங்கும் அனுப்பாது. மூன்று வருடப் படிப்பைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான். பவுனுக்குக் கிடைத்த இடம் கிள்ளான் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு மின்நிலையம். அதன் பெயர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் சில பேருக்குச் சுருக்கென்று இருக்கும். அங்கே பயிற்சிக்குப் போன முதல் பெண் இவள்தான். இவள் நல்லபடியாக முடித்தால் அடுத்த தடவையும் ஒரு பெண்ணை அனுப்பலாம் என்று கல்லூரியில் பேச்சு. அந்தப் பெண் யார் என்றுகூட முடிவாகிவிட்டது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பவுனு அறை எடுத்துத் தங்கிப் படித்த வீட்டின் மகள் பூமணி. ஒரு வகுப்பு பின்னால் படித்தாள். பவுனு அக்காவைப் பார்த்துத்தான் டைப்ரைட்டிங் வகுப்பை விட்டுவிட்டு மின்சாரப் படிப்பில் சேர்ந்தவள்.

மின்நிலையத்தில் பயிற்சி அதிகாரியாக இருந்தவர் சண்முகரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. முதல் நாளே பவுனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளை, பிளாண்டுக்குள்ள உமக்குச் சரிவராது. ஒஃபிஸிலயே இரும். நல்ல ரிப்போர்ட் எழுதித் தாறன், பயப்படாதையும்" என்றார்.

கூட வந்த பையன்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பாய்லர் மேலே ஏறினார்கள். பவுனு போட்டோஸ்டேட் எடுத்தாள். பையன்கள் டர்பைன் பார்த்தார்கள். பவுனு கோப்பி கலக்கினாள். அடுப்படி வேண்டாம் என்றுதானே படிக்க வந்தாள். இங்கேயும் அடுப்படி. கல்லூரியில் அவளிடம் கணக்குக் கேட்டுக் காப்பி அடித்த மடையன் ஒருவன் எண்ணெய் படிந்த கையோடு வந்து, "பவுனு, சீனி கொஞ்சம் கம்மியா போடு லா" என்று சொன்ன அன்றைக்கு அவளுக்குத் தாங்கவில்லை. நேரே அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், கோப்பி கலக்குறதுக்கா என்னைய மூணு வருஷம் படிக்க வச்சாங்க? எங்க அம்மா வீட்டுலயே சொல்லிக் குடுத்துருக்கும். என்னைய உள்ள அனுப்புங்க. இல்லன்னா, எனக்கு இங்க என்ன வேலை குடுத்தீங்கன்னு காலேஜ்ல போய்ச் சொல்றேன்."

சண்முகரத்தினத்துக்கு முகம் கறுத்துவிட்டது. ஒரு தோட்டத்துப் பிள்ளை இப்படிப் பேசும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வம்பு வேண்டாம் என்று அவளைக் கன்னையாவின் பழுதுபார்க்கும் குழுவில் சேர்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

கன்னையா சார்ஜ்மேன், குழுவுக்குப் பொறுப்பாளர். சாந்தமான மனிதர், நெற்றி நிறைய திருநீறு, குழுவில் பெரும்பாலும் தமிழர்கள். "நம்ம புள்ள" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். அவ்வளவுதான். ஒரு ஸ்குரூ டிரைவரைக்கூட அவள் கையில் கொடுக்கவில்லை. "கை அழுக்காயிரும்மா", "கனமா இருக்கும்மா", "நாளைக்குக் கட்டிக் குடுக்கப் போற புள்ள, ஷாக் கீக் அடிச்சா யாரு பதில் சொல்றது." திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிப் பாசத்தைக் கொட்டி ஒதுக்கி வைப்பவர்களை என்ன செய்வது? பவுனு பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று கண்ணால் படித்தாள்.

அப்புறம் ஆயுத பூசை வந்தது.

அந்த மின்நிலையத்தில் வருடா வருடம் பூசை உண்டு. மேலிடத்துக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள். முதல் நாளே இயந்திரங்களைத் துடைத்து, இரும்பு அலமாரி மாதிரி நிற்கும் மின்சாரப் பேனல்களின் கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொங்கல் வைத்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். நாலு மாதமாக எந்த வேலைக்கும் ஆகாத பவுனம்மாள் அன்றைக்குத் திடீரென்று வேண்டியவளாகிவிட்டாள். கோலம் போடு பவுனு. பூக்கட்டு பவுனு. சந்தனம் கரை பவுனு. பேனல் நிறைய இருக்கிறது, பத்தாமல் போய்விடும் என்று பன்னீரை இன்னும் கொஞ்சம் விட்டுக் கரைக்கச் சொன்னவரும் கன்னையாதான். கரைத்தாள். சாமி விஷயத்தில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தவள்தான்.

அப்போதுதான் ஒரு பெரிய பேனலைப் பழுது பார்த்து முடித்திருந்தார்கள். பாய்லருக்குக் காற்று ஊதும் விசிறிக்கு மின்சாரம் கொடுக்கும் பேனல் அது. காலையிலேயே சோதனை நடத்தி எல்லாம் சரி என்று ஆகிவிட்டது. சோதனை முடிந்தபின் பேனலைப் பூட்டிவிட வேண்டும், உள்ளே ஒரு விரல்கூடப் படக்கூடாது. அதுதான் விதி. சாவி சார்ஜ்மேனின் இடுப்பை விட்டு இறங்காது. அதுவும் விதி. கன்னையா தீபாராதனை காட்டிவிட்டுக் கடைசியாக அந்தப் பேனலுக்கு வந்தார். கதவில் பொட்டு வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

"புதுசா மாட்டுனது. உள்ளயும் ஒரு பொட்டு வச்சாத்தான் மனசுக்கு நிறைவா இருக்கும்."

உள்ளே மூன்று வெள்ளைப் பீங்கான்கள் வரிசையாக நின்றன. மின்சாரம் இரும்பில் இறங்கிவிடாமல் கம்பியைத் தாங்கிப் பிடிப்பவை. அவை பளிச்சென்று காய்ந்திருக்க வேண்டும். முதல் வருடப் பாடம் இது.

"அண்ணே, உள்ள வேண்டாம்ணே. ஈரமா இருக்கு" என்றாள் பவுனு.

"அம்மாவுக்கு வைக்கிற பொட்டு. அம்மா பாத்துக்குவா. நீ தட்டப் புடி."

மூன்று விரலால் அள்ளி, மூன்று பீங்கானுக்கும் பட்டையாகச் சாத்தினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பன்னீர் அதிகம் விட்ட சந்தனம் பீங்கானிலிருந்து கீழே இரும்பு வரைக்கும் வழிந்தது. அவர் கதவைப் பூட்டிவிட்டுப் பொங்கல் பரிமாறப் போய்விட்டார். பூசைக்கு நின்ற ஐந்தாறு பேர் கண்டது இதுதான்: கன்னையா திறந்தார், கன்னையா பூசினார், பவுனம்மாள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் அந்த விசிறியை ஓட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பவுனு அப்போது வெளியே பொங்கல் பானை கழுவிக்கொண்டிருந்தாள், அவளுக்கு அது தெரியாது. சுவிட்சைப் போடப் போனவர் ஜெயராஜ். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், பூசைக்கு வராதவர், பேனலுக்குள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. போட்டார். வெடித்தது. கதவு பிய்த்துக்கொண்டு வந்தது. அவருடைய இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயின. பாய்லர் நின்று, ஒரு யூனிட் முழுக்கப் படுத்துவிட்டது. கிள்ளானில் பாதிக்கு அன்று பொழுது சாயும்வரை மின்சாரம் இல்லை. முதலில் ஓடிப்போய் ஜெயராஜைத் தூக்கியவர் கன்னையாதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் மறுநாள் காலை என்ன நடந்தது தெரியுமா? பவுனு உள்ளே நுழையும்போதே கதை தயாராகிவிட்டது. பயிற்சிக்கு வந்த பிள்ளை, விவரம் தெரியாமல் உள்ளேயும் சந்தனத்தைப் பூசிவிட்டது. யார் ஆரம்பித்தார்களோ, பசியாறும் நேரத்துக்குள் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. நேற்று அவள் போட்ட கோலத்தைப் பார்த்து மெச்சியவர்கள் இன்று அவள் பக்கமே திரும்பவில்லை. கன்னையா தலையைக் குனிந்துகொண்டு பழைய மோட்டார் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பவுனு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜெயராஜின் மனைவி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கை இரண்டும் வெள்ளைத் துணிப் பொட்டலமாக மார்பின்மேல் கிடந்தன.

"உள்ள எப்படிம்மா ஈரம் வந்துச்சு?" என்று கேட்டார் ஜெயராஜ். "டெஸ்ட் பண்ணதுதானே. நான் தப்பா எதுவும் செய்யலியே? படுத்துக்கிட்டு அதையேதான் யோசிக்கிறேன்."

அவர் தன்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு கிடக்கிறார். உண்மை தெரிந்தவர்கள் எல்லோரும் மோட்டார் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பவுனு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க ஒண்ணும் தப்பு செய்யலண்ணே" என்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கேரி தீவில் தம்புசாமியின் லயத்து வீட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. சண்முகரத்தினம், கன்னையா, கூட இரண்டு பேர். ஆரஞ்சு, ஆப்பிள், ஒரு டின் பிஸ்கட். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பா பதறிப்போய்த் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மற்றவர்கள் எடுத்துக் குடித்தார்கள். சண்முகரத்தினம் தொடவில்லை. "சீனி வருத்தம்" என்றார். சீனி போடாமல் வேறு கலந்து வந்தது. அதையும் தொடவில்லை.

"தம்புசாமி, விசாரணை வருகுது" என்று ஆரம்பித்தார் அவர். "உமது மகள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். தெரியாமல் செய்திட்டன் எண்டு. படிக்கிற பிள்ளை, ஆரும் பெரிசாய் எடுக்க மாட்டினம். அடுத்த வருசம் வேற இடத்தில நானே பயிற்சி எடுத்துத் தாறன்."

கன்னையா கையைக் கூப்பினார். "எனக்கு அஞ்சு புள்ளைங்கண்ணே. வேலை போச்சுன்னா நடுத்தெருவுதான். பூசையும் நின்னு போயிரும். நம்ம ஆளுங்க எல்லாருக்கும்தான் கெட்ட பேரு." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா மகளைப் பார்த்தார். "பெரிய மனுஷங்க வீடு தேடி வந்து கேக்குறாங்க பவுனு. ஒரு வருஷந்தானே."

"ஒரு வருஷமில்லப்பா, அதோட சரி. பாதுகாப்புக் குத்தம்னு துரத்துனா காலேஜ் திரும்ப எங்கயும் அனுப்பாது. டிப்ளோமா கிடையாது. இது சாருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் உங்ககிட்ட வந்து அடுத்த வருஷம்னு சொல்றாரு." அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "இல்லன்னு சொல்லுங்க சார்."

சண்முகரத்தினம் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "பிள்ளை, நீர் ஒண்டை யோசிக்க வேணும். நீர் சண்டை பிடிச்சால், பொம்பிளைப் பிள்ளையளை எடுத்தாலே கரைச்சல்தான் எண்டு மேல நினைப்பினம். பிறகு உமக்குப் பின்னால வாறதுகளுக்கும் கதவு மூடப்படும்."

"மூடுனா நீங்கதான் சார் மூடணும். நான் மூடல" என்றாள் பவுனு.

கார் போனபிறகு அப்பா நாற்காலியை மறுபடி துடைத்து உள்ளே எடுத்து வைத்தார். சண்முகரத்தினம் தொடாமல் வைத்துவிட்டுப் போன இரண்டு கோப்பையையும் அம்மா எடுத்து வாசலில் ஊற்றினாள்.

விசாரணையை நடத்தியவர் நிலையத்தின் பெரிய இன்ஜினியர், ஒரு மலாய்க்காரர். நீளமான மேசை. ஒரு பக்கம் அவரும் சண்முகரத்தினமும், எதிரே குழு முழுவதும். ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைதான், தெரியாமல் செய்துவிட்டது, பாவம். 'பாவம்' என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். இவர்களுக்குத்தான் தேத்தண்ணி கலக்கினாள். இவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதிக் கொடுத்தாள்.  அவளுக்குப் பயம் இல்லை, அத்தனையும் கோபம். அவள் முறை வந்ததும் எழுந்து நின்று, இன்ஜினியரை ஐயா என்பதுபோல என்சிக் என்று கூப்பிட்டு, மலாயிலேயே பேசினாள்.

"சரி என்சிக். சந்தனம் கரைச்சது நான்தான். பூசுனதும் நான்தான்னே வச்சுக்குவோம். ஆனா பேனல் பூட்டி இருந்துச்சு. நான் எப்படி உள்ள பூசுனேன்? எனக்குச் சாவி குடுத்தது யாரு?"

பெரிய இன்ஜினியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நாலு மாசத்துல ஒரு ஸ்குரூ டிரைவர் குடுக்கல எனக்கு. கை அழுக்காயிரும்னாங்க. அப்படி இருக்கப்ப டெஸ்ட் முடிஞ்ச பேனலோட சாவிய என் கையில குடுத்துட்டு எல்லாரும் பொங்கல் சாப்பிடப் போயிட்டாங்களா? அப்படின்னா அதையும் சொல்லச் சொல்லுங்க. அண்ணே, என் முகத்தப் பாத்து சொல்லுங்க. சாவியக் குடுத்தீங்களா?"

கடைசி வரியை அவள் தமிழில்தான் கேட்டாள். சண்முகரத்தினம் குறுக்கே ஏதோ ஆங்கிலத்தில் சொல்ல வந்தார். பெரிய இன்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தினார். சாவியைக் கொடுத்தேன் என்றால் சார்ஜ்மேனுக்கு அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. கொடுக்கவில்லை என்றால் பூசியது அவரேதான். கன்னையா எழுந்து நின்றார்.

"சாவி என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் வச்சேன்" என்றார்.

அவருக்கு வேலை போகவில்லை. சார்ஜ்மேன் பதவி போனது, வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பொய் சொன்ன மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வீடு தேடி வந்து பொய்யைக் கற்றுக்கொடுத்த சண்முகரத்தினத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய கஞ்சிச் சட்டை கசங்கவே இல்லை. பவுனின் பயிற்சி தொடரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். குழுவில் யாரும் அவளோடு பேசவில்லை. பேசாவிட்டால் போங்கடா என்று இருந்தாள். ஒரே ஒரு லாபம், தேத்தண்ணி கலக்கச் சொல்லவும் ஆள் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் புது உத்தரவு இரண்டு ஒட்டினார்கள். ஒன்று, நிலையத்துக்குள்ளே இனிப் பூசை கூடாது. அதில் பவுனுக்கு மறுப்பு இல்லை, வாசலுக்கு வெளியே கோயில் இருக்கிறது. மற்றது, பாதுகாப்பை முன்னிட்டு இனிமேல் பயிற்சிக்குப் பெண்களை எடுப்பதில்லை.

அவள் இரண்டு தடவை வாசித்தாள். பூசியது கன்னையா. பொய் சொன்னது குழுவில் இருந்த ஆம்பிளைகள். தடை பொம்பளைப் பிள்ளைகளுக்கு. நேரே சண்முகரத்தினத்தின் அறைக்குப் போய்க் கத்தினாள். வெளியே வேலை பார்த்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கும்படி கத்தினாள். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "உம்மை ஒருத்தரும் வெளியேத்தேல்லையே பிள்ளை. நீர் முடிச்சிட்டுப் போம்" என்றார். பெரிய இன்ஜினியரிடம் போனாள். அவர் வருத்தப்பட்டார். மேலிடத்து முடிவு என்றார். கல்லூரிக்குப் போனாள். வேறு இடம் பார்க்கிறோம் என்றார்கள்.

அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். பூமணிக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"நீங்க அன்னைக்கு வாயத் திறக்காம இருந்திருந்தா, எனக்கு இடம் கிடைச்சிருக்கும்லக்கா."

பவுனுக்குச் சுருக்கென்று ஏறியது. "சந்தனம் பூசுனது நானா? பொய் சொன்னது நானா? அவனுங்களக் கேக்க மாட்டே, என்னையக் கேக்குறியா?"

"அவங்ககிட்ட கேட்டா எனக்கு யாரு பதில் சொல்லுவா?" என்றாள் பூமணி. "நீங்கதான் சொல்லுவீங்க. அதான் உங்களக் கேக்குறேன்."

பூமணியைக் கடைசியில் ஒரு ரேடியோ தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். டப்பாவில் திருகாணி முடுக்கும் வேலை. படிப்பை முடித்தாள், ஆனால் மின்நிலையம் எதற்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை. பிறகு கோலாலம்பூரிலேயே பங்சாரில் ஏதோ ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்ததாகக் கேள்வி. பவுனம்மாள் டிப்ளோமா வாங்கி, பந்திங் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் மின்பிரிவில் சேர்ந்து, பத்து வருடத்தில் அதற்கே பொறுப்பாளராக வந்துவிட்டாள். எந்தப் பேனலையும் அவளே திறப்பாள், அவளே பூட்டுவாள். தோட்டத்தில் கல்யாணம் காட்சி என்று கூடும்போது யாராவது பழசைக் கிளறி, "அன்னைக்கு அத்தன ஆம்பளைங்களையும் ஜெயிச்சிட்டு வந்தவளாச்சே நீ" என்பார்கள். தம்புசாமியே இப்போதெல்லாம் அப்படித்தான் பெருமையாகச் சொல்கிறார். அந்தப் பேச்சை எடுத்தாலே போதும், அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். சாப்பிடுகிற கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு என்கிட்ட சொல்லாதீங்க. பூமணிகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. அவ ஆமான்னு சொன்னா நானும் ஒத்துக்கிறேன்."